அள்ள அள்ளக் குறையாத கதை



'விஞ்ஞானக் கதை, மாயக் கதை எல்லாம் வெறும் பொழுதுபோக்கு. வயித்துக்குச் சோறு போடுமா?' என்று எதிரணி நண்பர் கேட்டார். நீங்களும் நல்லா கைதட்டினீங்க. எங்க வீட்டுக் கதையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். 1980-களில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தது. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வைத்தார். அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவைத் தகரத் துண்டில் செய்தார். வாலுக்கு ஒரு ஸ்பிரிங்! ஓவியக் கல்லூரி வாசலையே மிதிக்காத மனுஷர். ஆனா எங்க வீட்டில் இருக்கிற ஒரே சிற்பம் அதுதான். (கைதட்டல்)

1990-களில் அந்தத் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் இயந்திரம் வந்தது. நாலு பேர் வேலையை அது ஒண்ணே பார்த்தது. அப்பாவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அரிசிப் பானையைத் தட்டிப் பார்த்து அம்மா சொல்வாங்க: 'இது என்ன அமுதசுரபியா, அள்ள அள்ளக் குறையாம இருக்க?' (சிரிப்பு)

நீங்க சிரிக்கிறீங்க. நாங்களும் சிரித்தோம், பசியோடு சிரித்தோம். நடுவர் அவர்களே, அமுதசுரபி யார் கற்பனை? மணிமேகலைக் காப்பியத்தின் கற்பனை. தெய்வம் ஒரு பெண்ணை வான்வழியே மணிபல்லவத்துக்குத் தூக்கிப் போகிறது. அங்கே வற்றாத பாத்திரம் கிடைக்கிறது. மாயக் கதைதான், ஒத்துக்கிறேன். ஆனால் அதை வைத்து அவள் என்ன செய்தாள்? ஏழைகளுக்குச் சோறு போட்டாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். சீவக சிந்தாமணியில் மயிற்பொறி பறக்கிறதே, எதற்கு? நாடு பறிபோகும் நேரத்தில் கர்ப்பிணியான அரசியைக் காப்பாற்ற! நம் புலவர்கள் வானத்தில் பறந்தது மண்ணை மறக்க அல்ல ஐயா. (கைதட்டல்)

சுஜாதாவும் அப்படித்தான். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் முக்கியப் பங்கு வகித்தவர். மக்கள் ஓட்டுப் போட இயந்திரம் செய்த அதே மனிதர், மக்கள் வாயடைத்து நிற்கும் ஒரு நாட்டைக் கதையாக எழுதினார். அங்கே எல்லாரும் வணங்கும் தலைவன் ஜீவா ரத்தமும் சதையுமான ஆள் இல்லை, ஒளியில் செய்த பிம்பம்! அன்றைக்கு அதை வேடிக்கை என்று படித்தோம். 2024 தேர்தல் காலத்தில் மறைந்த தலைவர்கள் திரையில் தோன்றிப் பேசினார்களே, கணினியின் கைவரிசையால்! அதைப் பார்த்து எங்க தெருவே ஆச்சரியப்பட்டது. எங்கப்பா மட்டும், 'இவரைப் பேச வைக்கிறது யாரு?' என்று கேட்டார். அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தது எது? பைண்டு பண்ணின அந்தப் பழைய புத்தகம்! (பலத்த கைதட்டல்)

வேலை போன நாட்களிலும் அவர் இயந்திரத்தைத் திட்டினதில்லை. 'மெஷின் மேல ஏம்மா கோபப்படணும்? ஜீனோவும் மெஷின்தான், அது நிலாவுக்கு உதவி பண்ணலையா? கட்டளை போடுறது யாரு, லாபம் யாருக்குப் போகுது, அதைக் கேளு' என்பார்.

இன்றைக்கு அதே அம்பத்தூரில், பழைய தொழிற்சாலைகள் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அதில் ஒன்றில் என் மகள் வேலை பார்க்கிறாள். போன மாதம் கேட்டாள்: 'அம்மா, என் வேலையையும் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்குமா?' என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. ஆனால் தாத்தா கேட்ட அந்த இரண்டு கேள்விகளையும் அவளிடம் சொன்னேன். இப்போது அலுவலகக் கூட்டத்தில் எழுந்து நின்று அவள் கேட்கிறாள்.

கதை சோறு போடாது நண்பரே, உண்மை. ஆனால் என் தட்டில் இருந்த சோறு எங்கே போச்சு என்று கேட்கக் கற்றுக்கொடுக்கும். அந்தத் துணிச்சல் தருகிற எழுத்தைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாமல் நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.