எய்ட்ஸ் தடுப்பூசி: பூட்டுக்கேற்ற சாவியைத் தேடி

எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. வைரஸ் 1983ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவில் 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் அதன் தொற்றை முதன்முதலில் கண்டறிந்தனர். நாற்பதாண்டுகள் உருண்டோடியும் இதற்குத் தடுப்பூசி கிட்டவில்லை. பெரியம்மையை ஒழித்த அறிவியல் இங்கு ஏன் தடுமாறுகிறது?

விடை வைரஸின் புறப்பரப்பில் உள்ளது. மனித உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் அதன் புரத முட்கள் சர்க்கரை மூலக்கூறுகளால் போர்த்தப்பட்டுள்ளன. அச்சர்க்கரை நம் உயிரணுவே ஆக்கித் தந்தது. ஆகவே உடலின் காவற்படை அதனை அயலாகக் கருதுவதில்லை. முள்ளின் எஞ்சிய பகுதிகளும் ஓயாது உருமாறுகின்றன.

தொடக்ககாலத் தடுப்பூசிகளுள் ஒன்று முள்ளின் ஒரு துண்டை மட்டும் கொண்டிருந்தது. அது 2003இல் தோல்வியுற்றது. 2009இல் வெளியான தாய்லாந்து சோதனை முடிவில் சுமார் 31 சதவீதப் பாதுகாப்பே தென்பட்டது.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. தொற்றுற்றோருள் சிலரது குருதியில், சில ஆண்டுகளுக்குப் பின், பலவகை எச்.ஐ.வி. வைரஸ்களைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. 2010இல் அறிவிக்கப்பட்ட வி.ஆர்.சி.01 அவற்றுள் ஒன்று. அதனை நேரடியாகச் செலுத்திய சோதனைகளின் முடிவு 2021இல் வெளியாயிற்று. மொத்தத்தில் தொற்று குறையவில்லை. ஆனால் அவ்வெதிர்ப்பொருளுக்கு எளிதில் கட்டுப்படும் வைரஸ் வகைகளுக்கு எதிராகச் சுமார் 75 சதவீதப் பாதுகாப்புக் கிடைத்தது. தகுந்த எதிர்ப்பொருள் முன்கூட்டியே இருப்பின் தொற்றைத் தடுக்க இயலும் என்பது இதனால் தெளிவாயிற்று.

அத்தகைய எதிர்ப்பொருளை உடலே ஆக்குமாறு செய்வது எங்ஙனம்? அதனை உருவாக்கவல்ல பி அணுக்கள் மிக அரியவை. தொடக்கநிலையில் அவை வைரஸின் முள்ளைப் பற்றுவதுமில்லை. எனவே அவ்வணுக்களையே தட்டியெழுப்பும் ஒரு புரதத்தை விஞ்ஞானிகள் வடிவமைத்து, அதன் 60 படிகளை ஒரு நுண்துகளில் பொருத்தினர். 2022இல் வெளியான முடிவின்படி, அதனைப் பெற்ற 36 பேரில் 35 பேரிடம் விரும்பிய அணுக்கள் விழித்தெழுந்தன.

ஆயினும் இது முதற்படியே. விழித்த அணுக்கள் முதிர்ச்சியடைய, வெவ்வேறு வடிவுடைய புரதங்களை வரிசைமுறையில் அளித்தல் வேண்டும். இந்தியாவில் சி வகை வைரஸே மிகுதி. ஆதலின் இங்குள்ள வைரஸ்களைக் கொண்டு சோதித்தலும் இன்றியமையாதது. பல தவணைகள் கொண்ட ஊசியை எளிய மக்களிடம் கொண்டு சேர்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பாகும். அந்நாள் வரும்வரை பரிசோதனை, பாதுகாப்பான பழக்கங்கள், 2004 முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் கூட்டுமருந்துச் சிகிச்சை ஆகியவற்றைத் தளரவிடலாகாது. நாளைய ஊசியை நம்பி இன்றைய கடமையை ஒத்திவைத்தல் தகாது.