வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்கள் ஏராளம். தரகர் முதலில் நீட்டுவது வில்லங்கச் சான்று. "பாருங்க சார், ஒரு வில்லங்கமும் இல்ல!"

இல்லைதான். ஆனால் அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டும். பதிவு செய்யாத உயில், கையெழுத்துப் போடாத தங்கை, கோர்ட்டில் நடக்கிற பாகப்பிரிவினை வழக்கு, இதெல்லாம் அதில் தெரியாமல் போகலாம். அதனால்தான் வக்கீல்கள் சொத்தின் மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறார்கள். அதிலிருந்து இன்றுவரை கை மாறிய சங்கிலி எங்கேயும் அறுந்திருக்கக் கூடாது.

"பவர் இருக்கு, போதும்" என்பார்கள். போதாது. வெறும் பொது அதிகாரப் பத்திரத்தால் நிலம் உங்கள் பெயருக்கு வராது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் பக்கம் ஏரிகள் அதிகம். அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஆகவே சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்கில் வருகிறதா என்று வருவாய்த்துறைப் பதிவேட்டில் பாருங்கள். ஏரிக்குள் வாங்கிய வீட்டுக்கு வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் இருந்தாலும் உரிமை கிடைக்காது.

அடுத்து, மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வைத்த எல்லைக்கோடு 2016 அக்டோபர் 20. புதிய மனைப்பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா எனும் மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தின் பதிவு எண் வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்த எண்ணைக் கேளுங்கள்.