மேற்பார்வையாளரின் போக்கும் தொழிலாளரின் மனமும்

நல்ல கூலி பெறுபவனும் மேற்பார்வையாளரின் கடுஞ்சொல்லால் மனம் வெதும்பி வீடு திரும்புவதுண்டு. இதனை ஆராய்ந்த பரிசோதனையொன்று அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அண்மையில், ஹோதோர்ன் தொழிற்சாலையில், 1927ஆம் ஆண்டு தொடங்கியது.

தொலைபேசிக்குரிய சிறு உறுப்புக்களைப் பூட்டும் பெண்கள் ஐவர் தனியறையில் அமர்த்தப்பட்டனர். இடையிடையே ஓய்வு கிடைத்தது. கூலியும் அச்சிறு குழுவின் உற்பத்தியைக் கொண்டே கணிக்கப்பட்டது. உற்பத்தி உயர்ந்தது. காரணம் வினவியபோது அப்பெண்கள் பிறிதொன்றையும் கூறினர். பழைய கண்டிப்பு அங்கில்லை. பேசிக்கொண்டே வேலை செய்யலாம். மாற்றங்கள் பற்றித் தம் கருத்தும் கேட்கப்படுகின்றது என்றனர். பின்னர், 1928 முதல் 1930 வரை, அத்தொழிற்சாலையில் 20,000க்கு மேற்பட்டோரின் குறைகள் நேரிற் கேட்டெழுதப்பட்டன. மேற்பார்வையாளரைப் பயிற்றுவதற்கும் அவை பயன்பட்டன.

இப்பரிசோதனையைப் புகழ்வோர் ஒரு செய்தியைப் பெரும்பாலும் சொல்லாது விடுவர். ஐவருள் இருவர், மிகுதியாகப் பேசினர் என்பதற்காக, 1928 சனவரியில் அவ்வறையினின்று நீக்கப்பட்டனர். பேச்சுரிமைக்கும் அங்கே ஓர் எல்லை இருந்தது போலும்! அவர்களிடத்துக்கு வந்த இருவருள் ஒருத்தி குடும்பப் பாரத்தைச் சுமந்தவள். விரைந்து வேலை செய்யுமாறு ஏனையோரையும் தூண்டினாள். உற்பத்தி மேலும் உயர்ந்தது.

அவ்வுயர்வு கனிவான மேற்பார்வையால் வந்ததா, கூலி முறையால் வந்ததா, வேலை போய்விடும் என்ற அச்சத்தால் வந்ததா என்று அறிஞர் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர்.