புதியவனுக்கு ஒரு கட்டு



திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்துத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. கோடை விடுமுறை வந்துவிட்டால் திண்ணையில் பிள்ளைகள் கூடுவார்கள். கூடினால் சீட்டுக்கட்டு வெளியே வரும். சீட்டு என்ற சொல் காதில் விழுந்த அளவிலேயே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. சூதுக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்திருக்கும்போது அவர்களைக் குறை கூறவும் இயலாது. ஆனால், நான் இன்று பேசப் புகுவது பணம் வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றியன்று. பிள்ளைகள் சேர்த்தும் தம்முள் மாற்றிக்கொண்டும் ஆடுகின்ற படச்சீட்டு ஆட்டத்தைப் பற்றி. அதிலும், அதனைப் புதியவன் ஒருவனுக்குக் கற்பிப்பது எவ்வாறு என்பதைப் பற்றி.

இவ்வகை ஆட்டத்தை அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டில் தொடங்கி வைத்தவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் கணித அறிஞர். அவர் அமைத்த ஆட்டத்திற்கு 'மேஜிக்' என்று பெயர். 1996இல் ஜப்பானியர் 'போக்கிமான்' சீட்டுகளைக் கொண்டுவந்தனர். நாம் அறிந்த 52 சீட்டுக் கட்டு எவர் வாங்கினாலும் ஒன்றுதான். இங்கோ ஒவ்வொருவரும் தாம் சேர்த்தவற்றிலிருந்து தமக்கென்று ஒரு கட்டை அமைத்துக்கொண்டு வருகின்றனர். போக்கிமானில் ஒரு கட்டுக்கு 60 சீட்டுகள். ஆட்டத்துக்குப் பொது விதிகள் ஒரு புறம் இருக்க, சீட்டுக்குச் சீட்டு தனி விதி வேறு அச்சிட்டிருக்கும். புதியவனுக்கு எவ்வளவு மலைப்பாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சென்ற விடுமுறையில் சென்னையிலிருந்து என் பேரன் தன் கட்டுகளுடன் வந்தான். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து என் தங்கையின் பேரனும் வந்தான். அவனுக்கு ஒன்பது வயது, தமிழ்வழிப் பள்ளியில் படிப்பவன். பெரியவன் தன்னிடமிருந்த நெருப்புக் கட்டைச் சின்னவனிடம் கொடுத்து, தான் நீர்க் கட்டை எடுத்துக்கொண்டான். விதிகளை மூச்சுவிடாமல் கால் மணி நேரம் ஒப்பித்தான். பிறகு மூன்று ஆட்டம். மூன்றிலும் சின்னவனுக்குத் தோல்வி. "எனக்கு இந்த ஆட்டம் வராது, தாத்தா" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான்.

பிடிக்கவில்லை என்று அவன் சொல்லியிருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். வராது என்றான். அச்சொல்லைக் கணக்கைப் பற்றியும் ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்லிச் சொல்லியே அவற்றை விட்டு விலகிப்போன பிள்ளைகளை என் ஆசிரியப் பணிக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினேன்.

நெருப்புச் சீட்டுகளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: நீரின் தாக்குதல் இவற்றுக்கு இரு மடங்கு! அதாவது, பெரியவன் 50 அடித்தால் சின்னவனுக்கு 100 விழும். ஆட்டம் தொடங்குமுன்பே தோல்வி ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பெரியவன் வஞ்சகமாகச் செய்தானில்லை. தனக்கு மிகவும் பிடித்த கட்டைத் தானே வைத்துக்கொண்டான், அவ்வளவே. கற்பிக்க அமர்கிறவர்கள் பெரும்பாலும் செய்கிற பிழைதான் இது. தம் கட்டின் பெருமையைக் காட்டுவதையே கற்பித்தல் என்று கருதிவிடுகின்றனர்.

நாங்கள் இளமையில் சீட்டுக் கற்ற விதம் நினைவுக்கு வந்தது. தமிழகத்திலும் ஈழத்திலும் பெரியவர்கள் ஆடுகின்ற முந்நூற்று நாலு எளிய ஆட்டமன்று. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஆக ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. ராஜாவைவிட ஒன்பது உயர்ந்தது என்றால் எந்தப் பிள்ளைதான் திகைக்காது? (முடியாட்சி ஒழிந்தது முதன்முதலில் அந்தத் திண்ணையில்தான் என்று என் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார்.) ஆகவே எங்களை அதில் நேரே இறக்கவில்லை. முதலில் கழுதை ஆட்டம். இறங்கிய இனத்திலேயே போட வேண்டும், இல்லையேல் வெட்டலாம் என்ற ஒரே பாடம் அதில் கைவந்தது. அடுத்து இருபத்தெட்டு, அதில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. கணக்குச் சிறியது, துருப்பு என்றால் என்ன என்பது பிடிபட்டுவிடும். அதன் பிறகே பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து முந்நூற்று நாலைப் பார்க்க இடம் கிடைத்தது. மாங்காய்ப் பூட்டுச் செய்யும் எங்கள் ஊர்ப் பட்டறையிலும் புதிதாய் வந்த பையனிடம் முதல் நாளே மிகச் சிக்கலான பூட்டை நீட்டமாட்டார்களல்லவா?

அன்று மாலை பேரனும் நானும் அமர்ந்து இரண்டு சிறு கட்டுகள் அமைத்தோம். ஒவ்வொன்றிலும் 30 சீட்டுகளே. ஒன்று நெருப்பு, மற்றொன்று மின்னல். இவ்விரண்டில் எதுவும் மற்றதற்கு இரு மடங்கு அடி கொடுப்பதில்லை. நீண்ட ஆங்கில வாசகம் உள்ள சீட்டுகளை விலக்கிவிட்டு, எண் மட்டும் பார்த்து ஆடக்கூடிய எளிய உருவங்களை வைத்தோம். ஆற்றல் சீட்டுகள் 12. வழக்கமாக ஆறு பரிசுச் சீட்டுகள் எடுத்தால்தான் வெற்றி. நாங்கள் மூன்று போதும் என்று வைத்துக்கொண்டோம். பேரனுக்கு முகம் வாடிற்று. "இதில் நல்ல சீட்டு ஒன்றுகூட இல்லையே, தாத்தா!" என்றான். அதனால்தான் இது நல்ல கட்டு என்றேன், அவன் ஒப்பவில்லை.

இந்த ஏற்பாடு என் கண்டுபிடிப்பன்று. ஆட்டத்தை வெளியிடுவோரே 2020இல் கற்போருக்கென்று ஆயத்தக் கட்டுகளும் வழிகாட்டி ஏடுகளும் கொண்ட ஒரு பெட்டியை வெளியிட்டனர். மேஜிக் ஆட்டத்திலும் அதே ஆண்டில் 20 சீட்டுப் பொதிகள் வந்தன. இரண்டைக் கலந்தால் ஆடுவதற்கு ஒரு கட்டு ஆயிற்று.

மறுநாள் இருவரும் சீட்டுகளை விரித்துவைத்தே ஆடினர். விதிகளை முன்கூட்டி ஒப்பிக்கலாகாது என்று பெரியவனிடம் சொல்லிவைத்தேன். ஒரு முறைக்கு ஓர் ஆற்றல் சீட்டுதான் இணைக்கலாம் என்பதைச் சின்னவன் இரண்டாவதை எடுத்தபோது சொன்னான். அடித்துவிட்டால் முறை முடிந்தது என்பதை அவன் அடித்த பிறகு சொன்னான். வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. பிள்ளைகள் அதனை உடனே கண்டுகொள்வார்கள். அதற்குப் பதிலாக, ஓர் ஆட்டம் முடிந்ததும் கட்டுகளை மாற்றிக்கொள்ளச் செய்தேன். முதல் ஆட்டத்தில் மின்னல் வென்றது. மாற்றிக்கொண்டதும் மறுபடி மின்னலே வென்றது. இம்முறை அது சின்னவன் கையில் இருந்தது. அவன் சற்று நேரம் இரண்டு கட்டுகளையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு தானே கலைத்து மூன்றாம் ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டான்.

ஊருக்குப் புறப்படும் நாளில் பேருந்து நிலையத்தில் நிற்கையில், "நெருப்பையும் மின்னலையும் கலந்து ஒரே கட்டாக்கினால் என்ன, தாத்தா?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன், "ஆற்றல் சீட்டு சமயத்தில் கைக்கு வராதுடா" என்றான் பெரியவன். "எத்தனை போட்டால் வரும்?" என்றான் இவன். வேடசந்தூர்ப் பேருந்து வந்து நின்ற பின்னும் இருவரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.