துவிச்சக்கர வண்டியும் ஊர்ப் பாதைகளும்

ஓர் ஊரை அறிந்துகொள்ளும் வழிகள் பல. நடந்து செல்பவன் ஊரை நுணுகிக் காண்கிறான். ஆயின் ஒரு பொழுதில் அவன் காண்பது சிறிதே. மோட்டார் வண்டியிற் செல்பவன் பல ஊர்களைக் கடக்கிறான். ஆயின் அவன் கண்ணிற் படுவது பெரும்பாலும் வீதி ஒன்றே. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது துவிச்சக்கர வண்டி. வேலிக்கு மேலாக ஒரு முற்றத்தை நோக்கவும், தெரிந்தவரைக் கண்டால் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்று சுகம் விசாரிக்கவும், ஒரே காலைப் பொழுதில் வயலையும் கடலையும் கண்டு வீடு திரும்பவும் அது இடந்தருகின்றது. மலையற்ற, ஊரோடு ஊர் நெருங்கிய யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமதரைக்கு இதனிலும் பொருத்தமான வாகனம் கிடைப்பது அரிது.

வடமராட்சியில் உள்ள கரவெட்டிக் கிராமத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நெல்வயலும் தோட்டமும் பனங்கூடலும் சூழ்ந்த ஊர் அது. அருகே நெல்லியடிச் சந்தை. வடக்கே சில கிலோமீற்றர் சென்றால் கடல், கிழக்கே மணற்குன்றுகள், தென்மேற்கே வல்லைவெளியும் களப்பும். இத்துணை வேறுபட்ட நிலங்கள் யாவும் ஒரு வண்டிக்காரனின் காலுக்கு எட்டிய தூரத்தில் அமைந்திருப்பது அவ்வூரவர் பெற்ற பேறு எனலாம்.

முதலாவது பாதை கடற்கரைப் பாதை. நெல்லியடியிலிருந்து மாலுசந்தி, மந்திகை வழியாகப் பருத்தித்துறையை அடைந்து, அங்கிருந்து கடலை வலப்புறமாகக் கொண்டு மேற்கே செல்லவேண்டும். 1916 இல் எழுப்பப்பட்ட வெளிச்சவீடு பருத்தித்துறைக்கு அடையாளம். சுப்பர்மடம், இன்பர்சிட்டி, பொலிகண்டி ஆகிய கடலோர ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இலங்கையின் வடகோடியாகிய சக்கோட்டை முனையும் இக்கரையிலேயே உள்ளது. கரைக்குச் சற்று அப்பால் முருகைக்கற் பார் அலையைத் தடுத்து நிறுத்துவதால், பாருக்கு உட்பட்ட நீர் பெரும்பாலும் அமைதியாய்க் கிடக்கும். அங்கே கட்டுண்டு மிதக்கும் மீன்பிடி வள்ளங்களையும், கரையில் வலை பொத்துவோரையும் பார்த்துக்கொண்டே வல்வெட்டித்துறையை அடையலாம்.

வல்வெட்டித்துறை கப்பல் கட்டிய ஊர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளுடன் சமுத்திரங்களைத் தாண்டி, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. இச்செய்தியைப் புத்தகத்திற் படிக்கும் மாணவன் அதை மறந்துவிடக்கூடும். அக்கப்பல் மிதந்த கரையிலே வண்டியை நிறுத்திவைத்துக் கேட்பவன் எளிதில் மறவான்.

அங்கிருந்து மேலும் மேற்கே சென்றால் தொண்டைமானாறு. செல்வச்சந்நிதி முருகன் கோயில் களப்பின் கரையிலே அமைந்துள்ளது. களப்பு கடலோடு கூடும் வாயிலில் 1950களில் அமைக்கப்பட்ட அணைக்கட்டு நிற்கின்றது. உவர்நீர் உட்புகாது தடுத்து, மாரி மழைநீரைத் தேக்கி, களப்பை நன்னீராக்கும் நோக்குடன் எழுந்த கட்டு அது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிற்கு நிலத்தடி நீரே உயிர்நாடி என்பதை அவ்வணையருகே நின்று பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. தொண்டைமானாற்றிலிருந்து உடுப்பிட்டி வழியாக நெல்லியடிக்குத் திரும்பலாம். இச்சுற்று முழுவதும் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். இடையிடையே இளைப்பாறிச் செல்பவருக்கும் அரை நாட் பொழுது போதும்.

எப்பக்கமாகச் சுற்றுவது என்பதைக் காற்றைக் கேட்டே தீர்மானிக்கவேண்டும். வடகீழ்த்திசையிலிருந்து வாடைக் காற்று வீசும் மாதங்களில் முதலிற் பருத்தித்துறைக்குச் செல்வதே நன்று. உடலில் தெம்பு உள்ளபோது எதிர்க்காற்றை வென்றுவிட்டால், கடற்கரை நெடுகிலும் காற்றே வண்டியைத் தள்ளிச் செல்லும். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் காலத்தில் இதனைத் தலைகீழாக்கித் தொண்டைமானாற்றுக்கு முதலிற் செல்லவேண்டும். பருத்தித்துறையிலிருந்து திரும்புகையிற் காற்று முகத்தில் அடிக்குமாயினும், வீடுகளும் பனைகளும் அதன் வேகத்தை ஓரளவு தணித்துவிடும். நிழலற்ற வல்லைவெளியிலோ சோளகத்திற்கு மறைப்பே இல்லை. களப்பு நீரில் இரை தேடும் பறவைகளைக் காண அங்கு செல்ல விரும்புவோர் வெயில் ஏறுமுன் சென்று மீள்வது நலம்.

இரண்டாவது பாதை கிழக்கு நோக்கியது. துன்னாலையூடாக வல்லிபுரத்தை அடைவது. வல்லிபுர ஆழ்வார் கோயில் மணற்பரப்பின் நடுவே நிற்கின்றது. பிராமி எழுத்துப் பொறித்த பொற்றகடு ஒன்று 1936 இல் இவ்வூரிற் கண்டெடுக்கப்பட்டமையால், வரலாற்று மாணவர் யாவரும் வல்லிபுரத்தின் பெயரை அறிவர். அதற்கப்பால் மணற்காடு. அங்கே மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. காற்றுக் கொணர்ந்த மணல் ஒரு கட்டடத்தையே விழுங்கவல்லது என்பதற்கு அச்சுவர்கள் சாட்சி. அம்மணலைப் பிணிக்க வைத்த சவுக்கு மரங்களும் அங்குண்டு. மணலிற் சில்லுப் புதையுமாதலால் வண்டியை உருட்டியே செல்லவேண்டும். 2004 மார்கழி 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கிழக்குக் கரையில் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தது. ஆதலின் அங்கு செல்வோர் வேடிக்கை பார்க்கும் உள்ளத்தோடு அல்லாமல், அடக்கத்தோடு செல்லுதல் தகும்.

துவிச்சக்கர வண்டியை வெறும் உல்லாசப் பொருளாகக் குடாநாட்டு மக்கள் ஒருபோதும் கருதியதில்லை. மரக்கறி மூடைகள் அதன் கரியரிற் கட்டுண்டே சந்தைக்குச் சென்றன. மீன் பெட்டி அதன்மீதே ஒழுங்கை ஒழுங்கையாக வந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், மின்சாரமும் எரிபொருளும் அற்றுப்போன ஆண்டுகளில், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் அதுவே. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்னைக்கொண்டு வானொலி கேட்ட இல்லங்கள் பல. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, வீட்டுப் பொருள்களையும் நடக்கமாட்டாத முதியோரையும் சுமந்து உருண்டது துவிச்சக்கர வண்டி. 2022 இல் நாடெங்கும் எரிபொருள் அருகியபோது, அதனை மறந்திருந்தவர்களும் கோடிப்புறத்திற் கிடந்த பழைய வண்டியைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

இடர் வந்தபோது நாடிய பொருளை, இடர் நீங்கியதும் ஒதுக்கிவிடுதல் மனித இயல்பு. போர் முடிந்த 2009 இன் பின்னர் பெருவீதிகள் செப்பனிடப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் வீதி மழமழப்பானதும் வாகனங்களின் வேகம் மிகுந்தது. பிள்ளைகளைத் துவிச்சக்கர வண்டியிற் பாடசாலைக்கு அனுப்பப் பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். அவர்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அதன் விளைவு யாது? பிள்ளை மோட்டார்ச் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறிச் செல்கிறது. அதற்கு வழி தெரிய வேண்டிய தேவை இல்லை. பத்து வயதில் தன் ஊரின் ஒழுங்கைகளை எல்லாம் அறிந்திருந்த தலைமுறைக்குப் பின்னே, பதினைந்து வயதிலும் அயற்கிராமத்துக்கு வழி அறியாத தலைமுறை தோன்றிவிடக்கூடும். தன் ஊரை அறியாதவனிடம் ஊர்ப்பற்றை எவ்வாறு எதிர்பார்ப்பது?

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பெருவீதியை விட்டு உள்ளொழுங்கைகளூடே பாடசாலைக்கு வரக்கூடிய வழி பல ஊர்களில் இன்றும் உண்டு. அவ்வொழுங்கைகளில் மாரி வெள்ளம் தேங்காது பார்ப்பதும், வேலியோரத்துப் பூவரசையும் வேம்பையும் வீணே தறிக்காது விடுவதும், ஓரங்களில் நெருஞ்சி முள் மண்டாது துப்புரவு செய்வதும் சனசமூக நிலையங்களால் இயலாத காரியமல்ல. வாகனம் செலுத்துவோர் பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் வேகத்தைத் தணித்தால் பெற்றோரின் அச்சம் பெரிதும் நீங்கும். வண்டியோட்டும் மாணவருக்கும் கடமை உண்டு. இருவர் மூவராய் வீதியை அடைத்துச் செல்லலாகாது. பிறேக்கும் மணியும் பழுதின்றி இருத்தல் வேண்டும். இருளில் விளக்கின்றிச் செல்லவே கூடாது.

விடுமுறைக் காலங்களிலே பெற்றோரோ ஆசிரியரோ துணையாகச் சென்று, பிள்ளைகளுக்கு மேற்கூறியவை போன்ற பாதை ஒன்றைக் காட்டுவாராயின் அது சிறந்த கல்வியாகும். தண்ணீர்ப் போத்தலும், சில்லுக்குக் காற்றடிக்கும் பம்பும், விடியற்காலைப் பொழுதும் இருந்தாற் போதும். கடற்கரையோ, குளக்கட்டோ, வயல்வரம்போ, ஒவ்வோர் ஊருக்கும் அதற்கெனப் பாதை ஒன்று உண்டு. அப்பாதையை அடுத்த தலைமுறை தன் காலால் மிதித்து அறியுமாறு செய்தல் இன்றைய மூத்தோரின் பொறுப்பாகும்.