மறுபடியும் எப்போது வருவீர்கள்?

(ஆஸ்பத்திரியின் வருடாந்தர ஸ்தோத்திரக் கூட்டத்தில், ஆதரவாளர்கள் முன்பாக ஆஸ்பத்திரி சாப்ளின் ஆற்றிய உரை)



ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் இந்த ஊழியத்தைத் தாங்கிவருகிற உங்கள் முன்பாக நிற்கும்போது எங்கள் உள்ளம் நன்றியால் நிறைகிறது. ஆனாலும் இன்று நன்றியோடு ஒரு குற்ற அறிக்கையையும் கொண்டுவந்திருக்கிறோம். அதைப் பொறுமையோடு கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கிற இடம் ஒரகடம். நம்மில் மூத்தவர்கள் அந்தப் பகுதியை ஏரியும் நெல்வயலுமாகக் கண்டவர்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும் வந்தன. நம் பிள்ளைகள் அநேகருக்கு அங்கே வேலை கிடைத்தது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு அஸ்திபாரம் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போடுகிறவர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். சிலர் குடும்பத்தோடு வருகிறார்கள். வேலை நடக்கும் இடத்துக்கு அருகே தகரக் கொட்டகைகளில் தங்குகிறார்கள். வேலை முடிந்தால் கொட்டகையும் போகிறது, அவர்களும் போகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம், அப்படிப்பட்ட கொட்டகைகளுக்குப் போனோம். ஒரு சபையின் வாலிபர் குழு எங்களோடு வந்தது. கேக், பலூன், வண்ணப் பென்சில், பழைய துணி மூட்டைகள் எல்லாம் வேனில் இருந்தன. பிள்ளைகளோடு பாடினோம், ஆடினோம். டாக்டர் ஒரு மேசையைப் போட்டு இருமலுக்கும் சொறிக்கும் மருந்து கொடுத்தார். யாவருக்கும் மிகுந்த சந்தோஷம்.

வரிசையின் கடைசியில் ஒரு தாய் இரண்டு வயதுப் பெண்குழந்தையோடு நின்றாள். சிஸ்டர் குழந்தையின் மேற்கையில் அளவு நாடாவைச் சுற்றினார். நாடா சிவப்பில் நின்றது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு அந்தச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சாதாரண வயிற்றுப்போக்கும் உயிருக்கு ஆபத்தாகலாம். சத்துமாவுப் பொட்டலம் கொடுத்து, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றோம். பஸ் வழி தெரியாத, பாஷை தெரியாத, ஒருநாள் கூலியை இழக்க முடியாத பெண்ணிடம் அப்படிச் சொன்னோம்.

அங்கே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பெட்டிக்கடையில் சாமான் வாங்கி வாங்கியே தமிழ் பழகினவள். அன்று முழுவதும் அவளே எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். அந்தத் தாய் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஐயா, மறுபடியும் எப்போ வருவீங்கன்னு கேக்கறாங்க" என்றாள்.

"சீக்கிரம் வருவோம்மா" என்றோம்.

மூன்று மாதம் கழித்துப் போனோம். கொட்டகைகள் பிரிக்கப்பட்டிருந்தன. வேலை முடிந்து ஆட்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள் என்றார் காவல்காரர். எந்த இடம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் குழந்தை பிழைத்ததா என்று இந்நாள்வரை அறியோம். ஆனால் அவள் கையில் பலூனோடு நிற்கிற படம் நம்முடைய செய்திமடலில் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மாதம் காணிக்கையும் அதிகமாக வந்தது. இதுவே எங்கள் அறிக்கை.

பிரியமானவர்களே, நமக்கு முன்னே நடந்தவர்களை நினைத்துப் பார்த்தோம். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கைகளோடு ஆஸ்பத்திரி எழும்பியது. அதோடு அவர் திருப்தியடையவில்லை. வரமுடியாதவர்களைத் தேடிக் குடியாத்தம் சாலையில் புறப்பட்டார். சாலையோர மரநிழல்களே அவருடைய மருந்தகங்கள். அந்த ஊழியத்தின் பலன் மருந்தில் மட்டும் இல்லை, திரும்பத் திரும்பப் போனதில் இருந்தது. இன்ன நாளில், இன்ன மரத்தடியில் டாக்டரம்மா வருவார் என்று அறிந்து ஜனங்கள் காத்திருந்தார்கள்.

குழந்தையின் சரீரத்துக்கு ஒரு நாட்காட்டி உண்டு. பிறந்தவுடன் தடுப்பூசி, பிறகு ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில், ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி, பதினாறிலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள் மறு தவணை. மெலிந்த பிள்ளையை அடிக்கடி எடை பார்த்தால்தான் கொடுக்கிற உணவு உடலில் ஒட்டுகிறதா என்று தெரியும். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாள் கொடுக்கவேண்டும். இவற்றில் ஒன்றையாவது கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை வந்துபோகிறவர்களால் செய்துமுடிக்க முடியுமா?

ஆகவே முறையை மாற்றினோம். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, வேலைவிட்டு ஜனங்கள் திரும்பும் வேளையில், எங்கள் வேன் அதே சாலையில் அதே புங்கமரத்தடியில் நிற்கிறது. மழையானாலும் நிற்கிறது. ஒரு சிஸ்டர், ஒரு சுகாதாரப் பணியாளர், ஒடிசாவிலிருந்து நம்மிடம் படிக்க வந்திருக்கிற ஒரு நர்சிங் மாணவி, இவ்வளவுதான் குழு. தடுப்பூசியை நாங்கள் போடுவதில்லை. அது அரசின் கிராம சுகாதார செவிலியர் செய்கிற பணி. தாய்மாரை அவரிடமும் அங்கன்வாடிக்கும் அழைத்துப்போகிறோம். தடுப்பூசி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிஸ்டரின் போன் நம்பரை எழுதித் தாயின் கையில் கொடுக்கிறோம். குடும்பம் எங்கே போனாலும் அட்டையும் கூடப் போகவேண்டும்.

இன்னொரு பாடமும் கற்றோம். எங்களுக்கு மொழிபெயர்த்த அந்தச் சிறுமியை அன்று யாவரும் மெச்சினோம். ஒரு வேலைநாளில் பத்து வயதுப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. தாய் வேலைக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளைத் தவிர யாருமில்லை, அதுதான் காரணம். 2010 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்தின்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக்கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும். இப்போது அப்படிப்பட்ட பிள்ளையைக் கண்டால், தம்பிக்கு அங்கன்வாடியிலும் அக்காளுக்குப் பள்ளியிலும் இடம் கேட்டு, பெற்றோரோடு தலைமையாசிரியரிடம் போய் நிற்கிறோம். எல்லா முறையும் வெற்றி கிடைப்பதில்லை. பாதியிலே ஊர் மாறிப்போகிறவர்கள் உண்டு.

மருந்துக்குக் கைம்மாறாக நாங்கள் எவரிடமும் எதையும் கேட்பதில்லை, கூட்டத்துக்கு வரச்சொல்லுவதுமில்லை. புறப்படுமுன் வேனுக்குள் ஜெபிக்கிறோம். யாரென்று கேட்கிறவர்களுக்கு யாரென்று சொல்லுகிறோம். சிறுபிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டினதை மாற்கு பத்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவரோ அந்தப் பிள்ளைகளிடம் ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை; கைகளில் எடுத்து அணைத்துக்கொண்டார்.

இப்போது உங்களிடம் சில விண்ணப்பங்கள். பழைய துணிகளையும் பொம்மைகளையும் அனுப்பவேண்டாம். அந்தப் பணத்தை வேனின் டீசலுக்கும் சிஸ்டரின் சம்பளத்துக்கும் கொடுங்கள். அவை படத்தில் அழகாகத் தெரியாத செலவுகள். ஆனால் அவற்றால்தான் வேன் மறுபடியும் போகிறது. வாலிபர் குழுக்கள் வருவதை விரும்புகிறோம். ஒரே ஒருமுறை வருவதை விரும்பவில்லை. மூன்று வியாழக்கிழமையாவது வந்து, எடை போடுகிற தராசைத் தூக்குங்கள், அட்டைகளை எழுதுங்கள். பிள்ளைகளின் முகப்படத்தை இனி இந்தச் செய்திமடலில் எதிர்பார்க்காதீர்கள். அதனால் காணிக்கை குறையலாம் என்று அறிந்தே சொல்லுகிறோம்.

முடிவாக ஒரு காரியம். சென்ற கோடையில் சிஸ்டருக்கு ஒரு போன் வந்தது. கொட்டகை மாறிப்போன ஒரு தாய், சுங்குவார்சத்திரம் பக்கத்திலிருந்து, அரைகுறைத் தமிழில் பேசினாள். பிள்ளைக்கு ஊசி நாள் வந்துவிட்டதாம். அட்டை கையில் இருக்கிறதாம். எங்கே போகவேண்டும் என்று கேட்டாள். சிஸ்டர் அங்கேயுள்ள செவிலியரை விசாரித்து இடத்தைச் சொன்னார். மறுநாள் மறுபடியும் போன்: "ஊசி போட்டாச்சு, சிஸ்டர்."

சிவப்பு நாடாக் குழந்தையின் தாய்க்கும் அப்படி ஓர் அட்டையும் ஒரு நம்பரும் கொடுத்திருந்தோமானால் என்று அன்று இரவு நினைத்துக்கொண்டோம். அவளுக்கு நாங்கள் சொல்லாமற்போன பதிலை இப்போது எல்லாத் தாய்மாருக்கும் சொல்லுகிறோம்: வருகிற வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை, ஆறு மணிக்கு, இதே மரத்தடியில். அந்த வார்த்தையை நாங்கள் காப்பாற்றும்படி எங்களுக்காக ஜெபியுங்கள், எங்களைத் தாங்குங்கள்.

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக. ஆமென்.