தொப்பியைக் கழற்றினால் யார் சிரிக்கப் போகிறார்கள்?
(வலங்கைமானில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குகிறேன். நான் மத்ரஸாவில் ஓதிக் கொடுத்துக் கொண்டிருந்தபோது ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சில மாதங்கள் வராமலிருந்து திரும்பி வந்தான். தலையில் ஒரு முடி கிடையாது. தொப்பி கண் வரை இறங்கியது. பிள்ளைகள் அதைத் தட்டிவிட்டுச் சிரித்தார்கள். பிரம்பால் பலகையைத் தட்டி, "சத்தம் போடாதே" என்றேன். நான் செய்தது அவ்வளவுதான். மறுநாள் அவன் வரவில்லை. நாலு வீடு தள்ளியிருந்த அவன் வீட்டுக்குப் போய் விசாரிக்க எனக்கு நாற்பது நாள் ஆயிற்று! அதற்குள் சென்னை வைத்தியத்தையும் நிறுத்தியிருந்தார்கள்.

பணமில்லாமலா? அதுவும்தான். ஆனால் அவன் தாய் சொன்னது வேறு. "அஜ்ரத், ஊசி வலியைக்கூடப் பொறுத்துக்கிட்டான். கூட விளையாட ஒருத்தரும் வரலையேன்னு அழுதான். இனிமே வரமாட்டேன்னுட்டான்." அந்தப் பிள்ளையின் ஜனாஸாவைத் தொழவைத்தவன் நான்தான்.

புற்றுநோய் என்றதும் மய்யித்து என்றே முடிவு கட்டி விடுகிறோம். அது தவறு. குழந்தைகளுக்கு அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய். வசதியான நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் முப்பதுக்கும் கீழே. 2030க்குள் உலகம் முழுவதும் அறுபதாவது ஆக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் இலக்கு வைத்தது. மருந்து ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? தாமதமாகக் கொண்டு போகிறோம். பாதியில் நிறுத்தி விடுகிறோம். ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் வைத்தியம் தொடர வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தாங்கும். நடவு நேரத்தில் இழந்த கூலியை யார் தாங்குவது? வீட்டில் விட்டுவந்த தங்கைக்கு யார் சோறு போடுவது?

நம் மாநிலத்தில் இடமில்லாமலில்லை. உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் 12 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அடையாறு மருத்துவமனை. எகிப்தில் 2007ல் திறந்த குழந்தைகள் புற்றுநோய் மருத்துவமனையின் பெயர் என்ன தெரியுமா? 57357! அது வங்கிக் கணக்கு எண். அந்த எண்ணில் மக்கள் போட்ட பணத்தில் எழுந்த கட்டிடம், வைத்தியம் இலவசம்.

வணிகர்களே, இது உங்களுக்கு. அமெரிக்க நடிகர் பால் நியூமன் 1982ல் பச்சைக் காய்கறியில் ஊற்றிச் சாப்பிடும் ஒரு குழம்பைப் புட்டியில் அடைத்து விற்றார். லாபம் முழுவதையும் தர்மத்துக்கு என்றார். 1988ல் கொடிய நோயுள்ள பிள்ளைகளுக்காக ஒரு முகாம் கட்டினார். 1994ல் அயர்லாந்தில் பாரட்ஸ்டவுன் என்ற பழைய கோட்டையில் இன்னொன்று. குதிரை ஏறுகிறார்கள், அம்பு எய்கிறார்கள். வில்வித்தை நமக்குத் தெரியாத விளையாட்டா? டாக்டரும் நர்சும் அங்கேயே இருப்பார்கள். அண்ணன் தங்கைகளுக்கும் பெற்றோருக்கும் தனி முகாம் உண்டு. முடியில்லாதவன் அங்கே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடலாம். பக்கத்தில் ஓடுபவனுக்கும் முடியிருக்காது.

"சாகக் கிடக்கிற பிள்ளைக்கு விளையாட்டு ஒரு கேடா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் வளர்த்த சிட்டு செத்துப்போனபோது, அந்தச் சின்னப் பிள்ளையிடம் குருவியைப் பற்றி விசாரித்தவர்கள் யார்? ஓர் அரசை நடத்திக்கொண்டிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்! தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நடந்து போய் அவன் தலைமாட்டில் அமர்ந்தார்களே! எனவே நம் முகாமில் எந்த மதத்துப் பிள்ளை என்று கேட்கக் கூடாது.

ஜகாத் பணத்தை விளையாட்டுச் சாமானுக்குச் செலவிடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது என்பதே என் கருத்து. ஜகாத்தை ஏழைக் குடும்பத்தின் கையில் கொடுங்கள். கடனை அடைக்கட்டும், வழிச்செலவு செய்யட்டும். முகாமுக்கு ஸதகா வேறு தாருங்கள். புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பில் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும். இது தெரியாமல் வட்டிக்கு வாங்கி டிக்கெட் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இளைஞர்களே, ஆர்வம் மட்டும் போதாது. இந்த மருந்து ஏறிய பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். சளி, காய்ச்சல் உள்ளவர் முகாம் பக்கமே வரக்கூடாது. வைத்தியம் பார்க்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த பிள்ளையை மட்டும் அழைப்போம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அந்த நிமிடமே மருத்துவமனை. அதற்கொரு வண்டி வாசலில் நிற்க வேண்டும். நம் ஊர் வெடிக்குப் பேர்போனது. அன்று மட்டும் வரவேற்பு என்று சொல்லி ஒரு சரம்கூடக் கொளுத்தாதீர்கள். புகை வேண்டாம், மாலை வேண்டாம், மேடைப்பேச்சும் வேண்டாம், என்னுடையது உட்பட. பிள்ளைகளைப் படம் பிடித்து நோட்டீஸில் போடுவதை அறவே விடுங்கள். அக்காளுக்கு வரன் தேடும் வீடுகள் அவை.

புற்றுநோய் ஒட்டுவதில்லை. நீங்கள் உங்கள் பிள்ளைகளைக் கூட்டி வரலாம், கூட்டி வாருங்கள்.

இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். வண்டி தருகிறவர், சமைக்கிறவர், உங்கள் தெருவில் வைத்தியத்தைப் பாதியில் விட்ட பிள்ளையைத் தெரிந்தவர் வாருங்கள். முதலில் அந்தப் பிள்ளையைச் சொல்லுங்கள். நாளை காலையிலேயே அந்த வீட்டுக்குப் போவோம், இன்ஷா அல்லாஹ்.